ஐந்நூற்று எழுபத்தெட்டு அடி

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் கால் வைக்கிற நேரம், கையிலிருந்த சாவிக்கொத்து நழுவி, லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற ஒரு விரல் சந்துக்குள் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் "ஐயையோ" என்றிருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அசையாமல் நின்று, "ஒன்று... இரண்..." என்று எண்ணினேன். இரண்டு சொல்லி முடிப்பதற்குள் கீழே 'சளக்' என்றது. ஐந்தாவது மாடிக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று தலையை வேறு ஆட்டிக்கொண்டேன். பின்னால் நின்ற வாட்ச்மேன், "ஏனுங்க சார், சாவி உளுந்ததுக்கு என்னத்தீங்க எண்ணிட்டிருக்கறீங்க?" என்றார். நல்ல கேள்விதான்.

இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போவதாக இல்லை. பரணிலிருந்து டப்பா விழுந்தாலும் எண்ணுவேன், பக்கத்து பால்கனியிலிருந்து துணி கிளிப் விழுந்தாலும் எண்ணுவேன். வீட்டில் சொம்பு உருண்டால் என் மனைவி சொம்பைப் பார்க்க மாட்டாள், என் வாயைத்தான் பார்ப்பாள். "ஆரம்பிச்சுட்டீங்களா?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அது எங்கே ஆரம்பித்தது என்று அவளிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் காட்டினார்கள். ஒரு ஆள் கையை நீட்டினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். உள்ளே ஒரு பழைய காசு, ஒரு கோழி இறகு. குழாயைக் கவிழ்த்தால் காசு தடாலென்று விழும், இறகு ஆடி அசைந்து சாவகாசமாக வரும். அதில் என்ன அதிசயம்? பிறகு ஒரு பம்பை மாட்டி உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சினார்கள். பம்பு சூடாகி எண்ணெய் வாசம் லேப் முழுக்கப் பரவியது. இன்றைக்கும் ஏதாவது ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போது அந்த வாசம் வந்தால் நான் நின்றுவிடுவேன். மறுபடி குழாயைக் கவிழ்த்தார்கள். இறகு கல்லாட்டம் விழுந்தது. காசும் இறகும் ஒரே நேரத்தில், 'டக்'. அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. உலகத்தில் எல்லாம் ஒரே வேகத்தில்தான் விழுகிறது, நடுவில் இந்தக் காற்றுதான் குழப்பம் பண்ணுகிறது என்று தெரிந்ததும், யாரோ என் காதில் மட்டும் ரகசியம் சொன்னதுபோல் ஆகிவிட்டது.

அதற்கு முன்பும் எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் என் தொடையில் கை வைத்து அழுத்தி நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகோ சொல்லவே வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவை காந்திபுரத்தில் ஒரு டியூட்டோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தேன். கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழுகிறது, தரையை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? காற்றின் தடையைப் புறக்கணிக்கவும். இந்தக் கடைசி வரியை நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ! சத்தியமங்கலத்துப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த செல்வி என்ற பெண் ஒருநாள் எழுந்து நின்று, "சார், காத்தே இல்லாத ஊரு எங்கீங்க இருக்குது? எங்கூர்ல ஒரு காத்தடிச்சா வாழையே சாஞ்சு போயிருதுங்களே" என்றாள். வகுப்பே சிரித்தது. "மார்க் இருக்கற ஊர்ல இருக்குது. எழுதிக்க அம்மணி" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. அந்தப் பதிலை நான் ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அட கெரகமே, அந்தப் பெண் கேட்டதுதான் கேள்வி.

அப்போது உக்கடத்தில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் குளத்துக் காற்றோடு பாசி வாசமும் மீன் வறுக்கிற வாசமும் வரும். சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்தால் படிக்கப் பிடிக்காது, படுக்கப் பிடிக்காது. கையில் ஸ்டாப் வாட்ச் வைத்த டிஜிட்டல் கடிகாரம். ஜன்னலிலிருந்து எதையாவது கீழே போடுவேன்: உருளைக்கிழங்கு, சோப்பு டப்பா, தேய்ந்த செருப்பு. கீழே ஒரு டீக்கடையின் தகரக் கூரை. கடைக்காரர் ஒருநாள் மேலே ஏறி வந்தார். கையில் என் உருளைக்கிழங்கு. "ஏனுங்க வாத்தியாரே, வேண்டாமுன்னா குடுத்துருங்க, நான் போண்டா போட்டுக்கறேன். மேல இருந்து போடாதீங்க, கஸ்டமரு பயந்துக்கறாங்க" என்றார். கோபத்தில்கூட அந்த ஊரில் 'ங்க' போடாமல் பேச மாட்டார்கள். அந்த 'ங்க'வைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு ஒரே அக்கா. தாராபுரத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஆறு ஏக்கர் தோட்டம். பாதி தென்னை, மீதியில் வெங்காயம், மாட்டுக்குத் தீவனம். மச்சான் உயரமான மனிதர், ரொம்பப் பேச மாட்டார். பேசினால் மரியாதை வழியும். கன்றுக்குட்டி வழியில் படுத்திருந்தால் அதனிடமும் "கொஞ்சம் நகருங்க சாமி" என்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'நீங்க, வாங்க, மாப்ளே' என்றுதான் கூப்பிடுவார். பெண் கொடுத்த வீட்டு ஆள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. வெளியாட்கள் முன்னால் கேட்கவே வேண்டாம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன?

ஒருநாள் டியூட்டோரியலுக்கு அக்காவிடமிருந்து போன். "தம்பி, ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போ. போர்ல தண்ணி வரமாட்டீங்குது, வெறும் காத்தா வருது. மச்சான் மோட்டார மேல எடுக்கறாங்களாம். எனக்கென்னமோ படபடன்னு இருக்குதுடா."

படபடப்புக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷமாக மழை சரியில்லை. போர் போட்டதென்னவோ அறுநூற்றைம்பது அடி. அதில் முந்நூறாவது அடியில் மோட்டாரைத் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. எவ்வளவு கீழே என்பதுதான் கேள்வி. அந்த மோட்டார் நானூறு அடி வரைக்கும் இழுக்கும். தண்ணீர் அதற்குள் நின்றால் இன்னும் நாலைந்து இருபதடிக் குழாய் சேர்த்து அதே மோட்டாரை இறக்கினால் தோட்டம் பிழைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போயிருந்தால் அந்த மோட்டார் இரும்புக் கடைக்குத்தான். புதுசு வாங்க மச்சானுக்கு வழியில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த ஒருவர் அந்தத் தோட்டத்தை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "தண்ணி இருக்கற வரைக்கும் எப்படீங்க குடுக்கறது?" என்று ஒவ்வொரு தடவையும் மச்சான் சிரித்து அனுப்பிவிடுவார். ஆக, தோட்டம் இருக்குமா போகுமா என்பது அந்தக் குழிக்குள் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதில் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது முக்காலி நட்டு, செயின் போட்டு, மோட்டாரை மேலே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். மேஸ்திரி மயில்சாமியும் அவர் ஆட்கள் மூன்று பேரும் வேப்பமரத்தடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். போர்க்குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஆறரை அங்குலம், ஒரு சின்ன சட்டி போகிற அகலம்.

"கயித்துல குண்டு கட்டி உட்டுப் பாத்தர்லாங்களா?" என்றார் மயில்சாமி.

மச்சான் கொஞ்சம் தயங்கினார். போன மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் அப்படி விட்ட கயிறு அறுந்து, குண்டு பாறையில் சிக்கி, போரே அடைத்துப்போயிருந்தது. அந்த ஒரு நிமிஷத் தயக்கம் போதாதா எனக்கு? கால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது.

"கயிறெல்லாம் எதுக்கு மச்சான்? ஒரு கல்லு குடுங்க. ஒரே நிமிசத்துல சொல்றேன்" என்றேன்.

கல்லைப் போட்டுச் சத்தம் கேட்பது அங்கே ஒன்றும் புதிதில்லை. எல்லாத் தோட்டத்திலும் செய்வதுதான். ஆனால் அவர்கள் காதால் கேட்டு, 'கிட்டத்துல இருக்குது', 'ஆழத்துல இருக்குது' என்று சொல்வார்கள். நான் கடிகாரத்தோடு குனிந்தேன். நெல்லிக்காய் அளவு கல். விட்டேன். உள்ளே 'கட... கடகட... டங்... கடகட' என்று மோதிக்கொண்டே போனது. அப்புறம் எங்கோ அடியில் 'களக்'. பொத்தானை அழுத்தினேன். ஆறு வினாடி. இன்னொரு கல், இன்னொன்று. எல்லாம் ஆறை ஒட்டித்தான். மூன்று தடவை எடுத்து சராசரி போட்டால் தப்பே வராது என்று எனக்கு நினைப்பு. ஒரே தப்பை மூன்று தடவை செய்தாலும் சராசரி நன்றாகத்தான் வரும்.

மோட்டார் ரூம் வெள்ளைச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதினேன். நேரத்தை நேரத்தாலேயே பெருக்கு. அதை நாலு புள்ளி ஒன்பதால் பெருக்கு. நூற்று எழுபத்தாறு புள்ளி நாலு மீட்டர். அடியாக மாற்று. ஐந்நூறு, அறுநூறு என்று குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். நான் கரியைக் கீழே போட்டு, கையைத் தட்டிவிட்டு, "ஐந்நூத்தி எழுபத்தெட்டு அடி" என்றேன்.

மயில்சாமி மச்சானைப் பார்த்தார். மச்சான் குழிவாயைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அவ்ளோ போயிருச்சுங்களா மாப்ளே?" என்றார். "கணக்குங்க மச்சான். பொய் சொல்லாது" என்றேன். அக்கா மோர்ச் செம்போடு நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் மயில்சாமியிடம், "தம்பி எம்.எஸ்ஸி.ங்க. சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றாள். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரிங்க" என்றார். அந்தச் 'செரிங்க' இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு மாதத்தில் தோட்டம் கைமாறியது. தண்ணீர் ஐந்நூறுக்குக் கீழே போய்விட்டதை மச்சான் திருப்பூர்க்காரரிடம் மறைக்கவில்லை. கேட்காமலே சொன்னார். அதனால் விலையும் இறங்கியது. மோட்டாரையும் குழாயையும் தோட்டத்தோடே விட்டுவிட்டார். கிளம்புகிற அன்றைக்கு அக்கா மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டுத்தான் திருப்பூருக்கு வண்டி ஏறினாள். வாங்குகிறவர்கள் வீடு சுத்தமில்லை என்று நினைத்துவிடக் கூடாதாம்.

எட்டு மாதம் கழித்துத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் மயில்சாமியைப் பார்த்தேன். என் கையைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் எல்லாரையும் விசாரித்துவிட்டு, அப்புறம் மெதுவாகச் சொன்னார். "உங்க மச்சான் தோட்டத்துக்குப் போன வாரம் போயிருந்தனுங்க. புதுசா வாங்குனவரு கயிறு உட்டே ஆகோணும்னுட்டாரு. இன்னும் மழையே பேயலீங்க, ஆனாலும் முந்நூத்தி முப்பதுல தண்ணி நிக்குதுங்க. நாலே நாலு குழாதாங்க சேத்தினோம். அதே மோட்டாரு. சும்மா திமுதிமுன்னு ஊத்துது."

ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் மறுபடி கணக்குப் போட்டேன். போடப் போட உடம்பு கூசியது. சத்தம் மேலே ஏறி வருவதற்கு ஆகிற நேரத்தைக்கூட நான் கழிக்கவில்லை. அதை விட்ட பிள்ளைகளுக்கு நான் இரண்டு மார்க் குறைப்பேன்! போகட்டும், அது சின்னத் தப்பு. அந்தக் கல் எங்கே நேராக விழுந்தது? பாறையில் மோதி, நின்று, உருண்டு, மறுபடி மோதித்தானே போனது? மோதல் ஒவ்வொன்றும் அதன் வேகத்தைத் தின்றிருக்கிறது. கல் மெதுவாகப் போனால் நேரம் கூடும். நேரம் கூடினால் என் கணக்கில் ஆழம் கூடும். அதுவும் நேரத்தை நேரத்தால் பெருக்குகிற கணக்கு, துளி பிசகினாலும் எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும். 'கடகட' என்று அந்தக் கல் என் காதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனது. நான்தான் கண்ணாடிக் குழாயையும் கோழி இறகையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ராத்தூக்கம் போனது, பகல் பாடம் போனது. வகுப்பில் 'காற்றின் தடையை' என்று ஆரம்பிப்பேன், முடிக்காமல் அடுத்த கணக்குக்குத் தாவிவிடுவேன். இரண்டு தடவை திருப்பூர் பஸ் ஏறி, பாதி வழியில் பல்லடத்தில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். மூன்றாவது தடவைதான் போய்ச் சேர்ந்தேன்.

லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டினதில் ஒன்று. ஒரு ரூம், ஒரு சமையல் தடுப்பு. மச்சான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், மீதி வேலையை வீட்டுக்கும் எடுத்து வருவார். தென்னை ஏறின கை, கத்திரியால் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தது. "வாங்க மாப்ளே" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்கா குழாயடிக்குப் போயிருந்தாள். ஐந்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுவார்களாம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டுமாம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு பதினைந்தாவது ஆளாக நின்றிருந்தாள்.

"மச்சான், நான் போட்ட கணக்கு தப்புங்க. தண்ணி முந்நூத்தி முப்பதுலதான் இருந்திருக்குது" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கால் ஆடின ஆட்டத்தில் நாற்காலியும் சேர்ந்து சத்தம் போட்டது.

"தெரியுமுங்க மாப்ளே" என்றார்.

"மயில்சாமி சொன்னாருங்களா?"

"இல்லீங்க. அன்னிக்கே தெரியும். மொதக் கல்லு மோதி மோதிப் போறப்பவே, முந்நூத்தி அம்பதுக்குள்ள இருக்கோணும்னு காதுல பட்டுச்சுங்க."

எனக்குக் கோபம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மேல்தான் வந்தது. "பின்ன ஏனுங்க ஒரு வார்த்த சொல்லாம நின்னீங்க?" என்று கத்தியே விட்டேன்.

அவர் கத்திரியைக் கீழே வைத்தார். "நீங்க செவுத்துல எழுதிப்போட்டீங்க. வேலையாளுங்க நாலு பேரு நின்னாங்க. அத்தன பேரு முன்னால படிச்ச புள்ளையத் தப்புன்னு எப்படீங்க சொல்றது? உங்கக்கா வேற பக்கத்துல நின்னா. அப்பறம் ரெண்டு நாளு ரோசன பண்ணுனேன். ஒருவேள என் காதுதான் தப்போ என்னமோன்னு நெனச்சுப்போட்டேன்." குழாயடியில் சண்டைச் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க. இத உங்கக்காகிட்டச் சொல்லீராதீங்க. புது ஆளு பெரிய மோட்டாரு போட்டுத்தான் தண்ணி எடுக்கறாருன்னு அவ நெனச்சிட்டிருக்கறா. அப்படியே இருக்கட்டுமுங்க. உங்களப் பத்தி அவளுக்கு ரொம்பப் பெருமை" என்றார்.

அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "அட, தம்பி எப்ப வந்தே?" என்று முகமெல்லாம் சிரித்தாள். நான் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தாராபுரத்துப் பக்கம் போனேன். திருப்பூர்க்காரரும் தோட்டத்தை விற்றுவிட்டார் போலிருக்கிறது. ஒரு தென்னைகூட இல்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். மோட்டார் ரூம் இல்லை, அதன் சுவர் இல்லை. போர்க்குழி எந்த மனைக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் குழியின் வாயைத் திறந்து போட விடுவதில்லை, மூடியிருப்பார்கள். கல்லைப் போட்டுக் காது கொடுக்கிறவர்களும் இல்லை. கம்பியில் கேமராவைக் கட்டி இறக்கி டி.வி.யில் பார்க்கிறார்கள். மயில்சாமி எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

மச்சான் போய் ஆறு வருஷம் ஆகிறது. அக்கா திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். நான் போனால் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "இது என்ற தம்பிங்க. அன்னிக்கு இவன் மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லாட்டி, நாங்க அந்தத் தண்ணியில்லாத காட்டுலயே கெடந்து சீரழிஞ்சிருப்போமுங்க" என்பாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். முன்பெல்லாம் அவள் அதை ஆரம்பித்ததும் மச்சான், "மாப்ளே, காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்று குறுக்கே பேசிப் பேச்சை மாற்றிவிடுவார். இப்போது மாற்றுவதற்கு ஆள் இல்லை. அவள் சொல்லி முடித்து என் முகத்தைப் பார்க்கிறாள். "ஆமாங்க்கா" என்று நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.